பதின்மூன்று மாதக் கரும்பு

கல்யாணமாகி மறுவருஷம் நெய்வேலிக்கு வந்தேன். அறுபதுகளின் தொடக்கம். சுரங்கத்தின் பட்டறையில் என் கணவருக்கு பிட்டர் வேலை கிடைத்து, குவார்ட்டர்ஸும் கொடுத்திருந்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் கம்பி வேலி போட்ட தோட்டம். மண் செக்கச்செவேலென்று இருக்கும். வெள்ளை வேட்டி துவைத்து உலர்த்தினால் மாலைக்குள் காவி ஏறிவிடும்.

எங்கள் பிளாக்கில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம். பெண்கள் பலரும் பள்ளி இறுதி வரை படித்தவர்கள், பத்திரிகைத் தொடர்கதைகளைப் பற்றிப் பேசுவார்கள். நான் அஞ்சாவதோடு நின்றவள். கோயமுத்தூர்ப் பக்கத்துக் காட்டில் பிறந்து வளர்ந்தவள். நான் "ஏனுங்க" என்று வாயைத் திறந்தாலே இரண்டு பேர் சிரிப்பார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்தார்கள் என்று இப்போது நான் நினைக்கவில்லை. அப்போது அப்படித்தான் தோன்றியது. போகப்போகப் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது என்று ஒன்றுதான் இருந்தது, கரும்பு. அதைப் பற்றி அங்கே யார் கேட்கப்போகிறார்கள்?

கேட்டது ஒருத்திதான். முந்திரி விறகுக் கட்டு சுமந்துகொண்டு வாரத்துக்கு இரண்டு முறை பின்பக்கக் கம்பி வேலியண்டை வருவாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பக்கத்துக் கிராமம். அவர்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில்தான் வேலை. அவள் புருஷனுக்குச் சுரங்கத்தில் காண்ட்ராக்டில் வேலை, வெட்டிய மண்ணைக் கொண்டுபோகும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ளிப் போடுவது. பெயர் பட்டியலில் இருக்கிறது, அடுத்த தைக்குள் பர்மனென்ட் ஆகிவிடும் என்று சொல்வாள். முதல் தடவை அவள் தண்ணீர் கேட்டபோது, பழைய அலுமினிய டம்ளர் ஒன்றை எடுத்து வேலி ஓரத்தில் தனியாக வைத்துக் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு, அதைக் கழுவி அங்கேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். எந்த நாளில் அந்த வழக்கத்தை விட்டேன் என்று நினைவில்லை. முதலில் அப்படிச் செய்தேன் என்பது மட்டும் மறக்கவில்லை.

ஒரு பொங்கல் கழிந்து நாலைந்து நாளிருக்கும், விறகை இறக்கிவிட்டு வழக்கத்துக்கு மாறாக உட்கார்ந்தாள்.

"முக்கா காணி நெலம் கெடைச்சிருக்குதும்மா, ஒரு வருசத்துக்கு" என்றாள்.

நிலத்துக்காரர் வடலூரில் குடியேறிவிட்டவர். அந்த நிலம் சுரங்கத்துக்குப் போகிற நிலம். மார்கழிக் கடைசியில் ஒப்படைத்துவிடுவதாக அவர் கையெழுத்துப் போட்டாயிற்று. அதுவரை சும்மா கிடப்பதற்குப் பதில் யாராவது ஒரு வெள்ளாமை எடுத்துக்கொள்ளட்டும், விளைவதில் பங்கு தந்தால் போதும் என்று இவர்களிடம் விட்டிருந்தார். நிலத்தை ஒட்டியே கால்வாய். சுரங்கத்தின் அடியிலிருந்து ஊற்றுநீர் மேலே பொங்கிவிடாமல் இருக்க, இரவும் பகலும் மோட்டார் போட்டு இறைப்பார்கள். அந்தத் தண்ணீர் கால்வாயில் ஓடிக்கொண்டே இருக்கும். அதுவரை வானம் பார்த்த பூமியாக இருந்த இடங்களில் அந்தத் தண்ணீரால் நெல்லும் கரும்பும் வர ஆரம்பித்திருந்தன.

"கரும்புதான் போடப்போறேன். கரும்பு வெட்டப் போன எடத்துல நடறதுக்குக் கரண கேட்டு வச்சிருக்கறேன். பாதி நெலத்துக்குத்தான் வரும். மீதிக்கு மல்லாட்ட போட்டுடலாம்னு இருக்கறேன்." மல்லாட்டை என்று அவர்கள் சொல்வது நிலக்கடலையை.

நான் தோட்டத்தில் இறங்கி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். நெய்வேலிக்கு வந்து அத்தனை மாதத்தில் அன்றுதான் வாய் நிறையப் பேசினேன் என்று நினைக்கிறேன். கரும்பு என்றால் எல்லாம் ஒன்றில்லை என்று ஆரம்பித்தேன். கடித்துத் தின்கிற ரஸ்தாளிக் கரும்பு வேறு. அது மெத்தென்று இருக்கும், சாறு நிறைய, ஆனால் வெல்லத்துக்கு ஆகாது. நாட்டுக் கரும்பு ஒல்லி, தோல் கெட்டி, மாட்டால்கூடக் கடிக்க முடியாது, ஆனால் சீக்கிரம் விளைந்துவிடும், தண்ணீர் குறைந்தாலும் தாங்கும். ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து புதிதாக வந்த நம்பர் கரும்பு கைக்கு அடங்காத பருமன், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு வளரும், ஏக்கருக்கு இரண்டு பங்கு எடை நிற்கும். எங்கள் அப்பா அதைத்தான் போடுகிறார்.

அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் சிரிக்கவில்லை. என் பேச்சு வழக்கு அவளுக்கு வேடிக்கையாகத் தோன்றியதாகவும் தெரியவில்லை.

"எங்கப்பாவுக்கு எழுதறேனுங்கக்கா. அந்தப் பாதிக்கும் கரும்பே போட்டுக்கலாம்" என்றேன்.

"அவ்ளோ தூரத்துலேர்ந்து எப்பிடிம்மா வரும்?"

"லாரி வருமுங்க. எங்க ஊருப் பக்கமிருந்து சாமான் ஏத்தீட்டு இங்க வந்துட்டுத்தான இருக்குது."

அப்பா என் பேச்சைத் தட்டியதில்லை. மாசி பாதியில், சாமான் ஏற்றிவந்த ஒரு லாரியில் அரை லோடு விதைக் கரும்பு, கரும்பின் இலைச்சோகையை ஈரமாகப் போட்டு மூடி வந்து இறங்கியது. டிரைவர் என் கையில் ஒரு கடிதமும் கொடுத்தார். அப்பா சுருக்கமாக எழுதுகிறவர். அந்தக் கடிதத்தில் மட்டும் இரண்டு பக்கம் இருந்தது.

இது அவசரக் கரும்பு இல்லை, பதின்மூன்று மாதம் ஆகும் என்று எழுதியிருந்தார். பத்து மாதத்தில் வெட்டினால் உயரம்தான் இருக்கும், இனிப்பு இருக்காது, பாகு கட்டாது. கடைசி ஒன்றரை மாதம் தண்ணீரை நிறுத்திக் காயப்போட வேண்டும். இது தண்ணீர் குடிக்கும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும், வளர்கிற கரும்பு பழுக்காது. தண்ணீரை நிறுத்த வழியில்லாத நிலமாக இருந்தால் அவர்களிடம் போட வேண்டாம் என்று சொல்லிவிடு, கரும்பை மாட்டுக்கு வெட்டிப் போட்டாலும் பரவாயில்லை. அடியில் ஒரு கோடு இழுத்து, "இதை அவசியம் சொல்" என்று எழுதியிருந்தார்.

கணவர் ஷிப்ட் முடிந்து வந்து கடிதத்தைப் படித்தார்.

"உங்கப்பா தெளிவா எழுதியிருக்காரு. அந்தம்மாகிட்டச் சொல்லீட்டியா?"

"சொல்லிக்கறனுங்க" என்றேன்.

மறுநாள் நிலத்துக்குப் போனேன். நாள் கடந்தால் விதைக் கரணை காய்ந்துவிடும். அவளும் அவள் புருஷனும் விடியலிலிருந்தே சால் ஓட்டி, மேடும் பள்ளமுமாகப் பார் பிடித்து வைத்திருந்தார்கள். அவள் மகள் ஒருத்தி, எட்டு வயதிருக்கும், கரும்பைக் கட்டிக்கொண்டு அதன் பருமனை அளந்து பார்த்துச் சிரித்தாள். துண்டுக்கு மூன்று முளைப்பரு இருக்கும்படி வெட்டச் சொல்லிக் கொடுத்தேன். பரு பக்கவாட்டில் இருக்கும்படி படுக்க வைத்து மிதிக்கச் சொன்னேன். என் சொல்லுக்கு இரண்டு பெரியவர்கள் வேலை செய்தார்கள். அந்த ஊரில் எனக்கு அது முதல் தடவை.

வேலை பாதியில் நிமிர்ந்து அவள் கேட்டாள்: "இது எத்தினி மாசத்துலம்மா பழுக்கும்?"

கால்வாய் எதிரில் ஓடிக்கொண்டிருந்தது. கடிதம் வீட்டில், அரிசி டப்பாவுக்கு மேல் இருந்தது. அவள் கேட்டதும் அப்பாவின் எழுத்துதான் கண்ணில் நின்றது. ஆனால் பதின்மூன்று மாதம் என்று சொன்னால் கரும்பை லாரியிலிருந்து இறக்கிய இடத்திலேயே விட்டுவிட்டு மல்லாட்டை போடப் போய்விடுவார்கள். நான் மறுபடி ஒன்றும் தெரியாதவளாகக் குவார்ட்டர்ஸுக்குத் திரும்ப வேண்டும்.

"பத்து மாசத்துல வந்துருமுங்கக்கா" என்றேன்.

எப்படியாவது வந்துவிடும் என்று நானே நம்பவும் தொடங்கினேன். இங்கே வெயில் அதிகம், மண் வேறு, முன்னதாகவே விளையலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பொய் சொல்லிவிட்டு, அதற்குக் காரணம் தேடி அடுக்கினேன்.

அவள் கேட்டு வாங்கி மறுபாதியில் நட்ட நாட்டுக் கரும்பு பன்னிரண்டாம் நாள் முளை காட்டியது. எங்கள் கரும்பு இருபது நாளாகியும் மண்ணுக்கு மேல் வரவில்லை. அவள் விறகோடு வந்து, "செத்துப்போச்சாம்மா?" என்று கவலையாகக் கேட்டாள். நிதானமாகத்தான் எழும்பும் என்றேன். இருபத்தைந்தாம் நாள் வரிசையாக ஈட்டி ஈட்டியாக வெளியே வந்தது. அன்று அவள் பக்கத்து வீட்டுக்கு விறகு போடாமல் நேராக என்னிடம் ஓடிவந்து சொன்னாள்.

சித்திரை, வைகாசியில் நாட்டுக் கரும்பு தூர் வெடித்துப் பத்துப் பன்னிரண்டு கிளையாகப் புல் மாதிரி அடர்ந்தது. எங்களுடையது தூருக்கு நாலைந்துதான். ஆனால் ஒவ்வொன்றும் குழந்தையின் மணிக்கட்டுப் பருமன். ஆனியில் மண் அணைத்தார்கள். ஆடிக்காற்று வந்ததும் நாட்டுக் கரும்பு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து பாய் விரித்தது போல் படுத்தது. எங்களுடையது நாலு நாலு தூராகச் சேர்த்துச் சோகையால் கட்டி நிறுத்தியிருந்தோம், அசையவில்லை. சுரங்கத்துக்குச் சைக்கிளில் போகிறவர்கள் காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் பிளாக்கிலிருந்து இரண்டு பெண்கள் என்னோடு பார்க்க வந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "இது நீங்க வரவழைச்சதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்று நான் நடந்துவந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஐப்பசி மழையில் நாட்டுக் கரும்பு பூ வைத்தது. வயல் பாதி முழுக்க வெள்ளிக் குஞ்சம். எங்கள் பாதியில் பூ இல்லை, பச்சை பசேலென்று குருத்து விட்டுக்கொண்டே இருந்தது. அவள் புருஷன், அதிகம் பேசாதவர், அன்று என்னிடமே கேட்டார்.

"இது இன்னும் பூக்கலியேம்மா?"

"பாருங்க, இன்னும் வளந்துட்டே இருக்குது" என்றேன் பெருமை போல.

பூ வைத்த கரும்பு வளர்வதை நிறுத்திக்கொண்டு இனிப்பைச் சேர்க்க ஆரம்பித்துவிடும். வளர்ந்துகொண்டே இருக்கும் கரும்பிடம் இனிப்புக்கு நேரமில்லை. அப்பா சிறுவயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. அதையே திருப்பிப் போட்டு அவள் புருஷனிடம் பெருமையாகச் சொன்னேன்.

கார்த்திகைக் கடைசியில் அவள் ஒரு கரும்பை வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, அடிக் கணுவிலிருந்து நுனி வரை துண்டு துண்டாக நறுக்கி என் கையில் வரிசையாகக் கொடுத்தாள். அடிக்கரும்பு பரவாயில்லை. நடுவில் வெறும் தண்ணீர். நுனி உப்புக் கரித்தது. விளைந்த கரும்பில் அடிக்கும் நுனிக்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்காது. அவள் பத்து வயதிலிருந்து கரும்பு வெட்டுகிறவள். நான் சொல்லாமலே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, எதனால் என்பதைத் தவிர.

"நம்ம நாட்டுக் கரும்பு அடியும் நுனியும் ஒண்ணா இனிக்குதும்மா. இது ஏம்மா இப்பிடி?"

"தண்ணி கொஞ்சம் நின்னா நல்லதுங்கக்கா."

"எத்தினி நாளு?"

"ஒரு... ஒரு மாசம்."

அவள் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பாள். மறுநாளே இருவரும் மண்வெட்டியோடு இறங்கி, கால்வாயிலிருந்து நிலத்துக்கு வரும் வாயை அடைத்து, நிலத்தைச் சுற்றிலும் வடிகால் தோண்டினார்கள். நானும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு மண் தூக்கினேன். ஆனால் கால்வாய் நிலத்தைவிட உயரம். கரையின் அடியில் கசிந்து, தோண்டின வடிகாலிலேயே ஊறி நின்றது. கால்வாயையே கொஞ்சம் தள்ளித் திருப்பப் பார்த்தார்கள். கீழ்ப்பக்கம் நெல் வைத்திருந்தவர்கள் ஓடிவந்து, தங்கள் பயிர் காய்ந்துபோகும் என்று சண்டைக்கு நின்றார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். அவள் புருஷன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறிவிட்டார்.

நிலத்துக்காரரிடம் இரண்டு மாதம் கூடுதலாகக் கேட்டுப் பார்த்தார்கள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், என் கையில் இல்லை என்றார் அவர்.

மார்கழி பாதியில் வெட்டினார்கள். வயல் ஓரத்தில் மாடு கட்டி இழுக்கும் கரும்பாலையை வாடகைக்குக் கொண்டுவந்து வைத்து, அடுப்பு வெட்டி, கொப்பரை ஏற்றினார்கள். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து பாகு காய்ச்சுகிற கிழவர் ஒருவர் வந்தார். முதல் மூன்று நாள் நாட்டுக் கரும்பு. சாறு கொதிக்க, வெண்டைத்தண்டு இடித்த தண்ணீரை விட்டு அழுக்கு நுரையை எடுத்தார். சுண்ணாம்பு போட்டுக் கலக்கினார். பதம் பார்க்கக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு உருட்டினால் உருண்டை நின்றது. மரத்தட்டில் ஊற்றிய பாகு ஒரு நாழிகையில் இறுகிப் பொன்னிறமாக ஆனது. பொங்கல் வெல்லம் என்று வடலூர்க் கடைக்காரர்கள் வயலுக்கே வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

நாலாம் நாள் எங்கள் கரும்பு. ஆலையில் கொடுத்ததும் சாறு ஓடிய வேகத்தைப் பார்த்து எல்லோரும் கிட்டே நெருங்கி வந்தார்கள். கொப்பரை நிரம்பி வழிந்தது. கிழவர் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"இது எந்த ஊரு கரும்பு?"

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

"தண்ணியா இருக்குது. இதுக்கு இன்னும் மூணு மாசம் நிக்கணும்" என்றார் அவர்.

காலையில் வைத்த கொப்பரை பொழுது சாயும் வரை கொதித்தது. பாகு இழுத்துக்கொண்டே போனதே தவிர உருளவில்லை. சுண்ணாம்பு கூட்டிப் பார்த்தார். மேலும் காய்ச்சினால் அடி தீய்ந்தது. கடைசியில் தட்டில் ஊற்றினார்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கறுப்புத் தேன் மாதிரி அப்படியே தளதளத்துக்கொண்டிருந்தது. ஈ மொய்த்தது. அடுத்த மூன்று கொப்பரையும் அதே கதி. அவள் அதைப் பானை பானையாக ஊற்றி வாயைத் துணியால் கட்டி வைத்தாள். மகள் மட்டும் விரலால் தொட்டு நக்கிவிட்டு, "நல்லாத்தான் இருக்குதும்மா" என்றாள்.

பானைகள் அவர்கள் வீட்டுக்குப் போயின. பொங்கல் கழிந்தது. அவள் பத்து நாள் விறகு கொண்டுவரவில்லை. வந்தபோது தலையில் விறகுக் கட்டு இல்லை. வேலிக்கு வெளியிலேயே நின்றாள்.

"வூட்டுக்காரர போலீஸ் புடிச்சிகினு போய்ட்டாங்கம்மா."

அப்போது மதுவிலக்கு. முந்திரித் தோப்புக்குள் சாராயம் காய்ச்சுகிறவர்கள் இருந்தது எல்லோருக்கும் தெரியும். இறுகாத பாகைத் தேடி அவர்கள்தான் வந்திருக்கிறார்கள். வேறு யார் வாங்குவார்கள்? இரண்டு பானையைக் கொண்டுபோய்க் கொடுத்த அவள் புருஷன் மூன்றாவது பானையை இறக்கும்போது, பட்டப்பகலில், போலீஸ் தோப்பைச் சுற்றி வளைத்திருக்கிறது.

"நான் வேணாம்னேம்மா. மாட்டுக்கு ஊத்திடலாம்னேன். பத்து மாச ஒழப்ப எப்பிடிடீ கொட்றதுன்னாரு." அவள் அழவில்லை. "அடுத்த வாரம் டாக்டரு பாக்கறாங்க, பர்மனெண்டுக்கு. அவரு பேரு வருது."

கடலூரில் வக்கீல் குமாஸ்தா ஒருவரைப் பிடித்திருந்தார்கள். வெல்லத்துக்காகத்தான் காய்ச்சியது, கரும்பு விளையாததால் கெட்டுப்போனது என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருந்தால் கொண்டுவா என்றிருக்கிறார் அவர்.

"கரும்பு ஒங்க ஊருதுன்னு, விளையலன்னு, ஒரு வார்த்த எழுதிக் குடுங்கம்மா."

நான் எழுதத் தேவையிருக்கவில்லை. எழுதியது என்னிடம் இருந்தது. உள்ளே போனேன். அரிசி டப்பாவுக்கு மேலிருந்து அதை எடுக்க எனக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியாது. அன்று கணவருக்கு ஓய்வு. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் என் கையிலிருந்ததைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடிதத்தை அப்படியே மடித்துக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் குமாஸ்தா படிப்பார், அவளுக்குச் சொல்வார். யாரோ ஒருவர் வாயால் அதை அவள் கேட்க வேண்டாம் என்று தோன்றியது. வேலியைத் திறந்து அவளைப் படியில் உட்காரச் சொல்லி, முதல் எழுத்திலிருந்து படித்தேன். பதின்மூன்று மாதம் என்ற இடத்தில் நிறுத்தினேன். மறுபடி எடுத்துப் படித்தேன். அடியில் கோடு போட்டிருந்த வரியையும் விடவில்லை.

அவள் முழுவதும் கேட்டாள்.

"எப்ப வந்ததும்மா இது?"

"கரும்போடயே வந்துச்சுங்கக்கா. லாரியில."

"நட்ட அன்னிக்கு ஒங்களுக்குத் தெரியும்?"

"தெரியுமுங்க."

அவள் தன் கையைப் பார்த்தாள். சோகை கிழித்த கோடுகள் இன்னும் ஆறவில்லை.

"சொல்லியிருந்தா மல்லாட்ட போட்டிருப்பேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கேட்கிறவருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். நான் ஏன் சொல்லவில்லை என்பதை அவளிடம் விளக்க வாயெடுத்தேன். பிளாக்கில் என்னைப் பார்த்துச் சிரித்தது, பேச ஆளில்லாமல் இருந்தது எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. அவளுக்கு முன்னால் அவை எதுவும் சொல்லக்கூடிய பேச்சாக இல்லை. "மன்னிச்சுக்குங்கக்கா" என்றது மட்டும் வெளியே வந்தது. அவள் கடிதத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்று எழுந்து போனாள்.

நானும் போகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டு, மறுவாரம் கோர்ட்டுக்குப் போனேன். சாட்சி சொல்லவும் தயாராக இருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. கடிதத்தை யாராவது படித்தார்களா என்பதும் தெரியவில்லை. பானையோடு பிடிபட்ட ஏழெட்டுப் பேரை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். அவள் புருஷன் என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். அவள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை என்று அப்போது புரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு மாதம் உள்ளே இருக்கச் சொன்னார்கள். மற்றவர்களைவிடக் குறைவுதான் என்று குமாஸ்தா சொன்னார்.

அந்த ஒரு மாதத்துக்குள் டாக்டர் பார்த்து முடித்து, பட்டியலும் மூடியாகிவிட்டது. வழக்கில் பட்டவரைக் காண்ட்ராக்டரும் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. என் கணவர் இரண்டு முறை போய்க் காண்ட்ராக்டரிடம் பேசிப் பார்த்தார். எங்கேயும் எதற்கும் சிபாரிசுக்குப் போகாதவர் அவர். ஒன்றும் நடக்கவில்லை. மாசியில் அந்த நிலத்தில் இயந்திரம் இறங்கியது. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்திருந்த கரும்புத் தூர்களோடு மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துக் குவித்தார்கள். அதே ஆண்டு சுரங்கத்துக்காக அவர்கள் தெருவும் காலியானது. எல்லோரையும் போல அவர்களும் வேறு இடத்துக்குப் போனார்கள். எந்தப் பக்கம் என்று எனக்குச் சொல்ல யாரும் வரவில்லை.

மறுவருஷம் அப்பா எங்களைப் பார்க்க வந்தார். வந்த அன்றே, "அந்தக் கரும்பு எப்பிடி வந்துச்சு சாமி?" என்று கேட்டார். நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "நான் நேர்ல வந்திருக்கோணும்" என்றார். ஊருக்குத் திரும்பும் வரை அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. அதற்கப்புறம் எனக்கு எழுதிய கடிதங்களில் கரும்பைப் பற்றி ஒரு வரி வைத்ததில்லை.

நாலைந்து வருஷம் கழித்து அவளை ஒரு தடவை பார்த்தேன். நகரியத்தில் சாலையோரம் மரக்கன்று நட்டுக்கொண்டிருந்த காலம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். என் மகனைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, குடத்தோடு குனிந்திருந்த ஒருத்தியின் தோள் தெரிந்தது. கிட்டே போனேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்துகொண்டாள்.

"நல்லாருக்கீங்களாம்மா?" என்று அவளே கேட்டாள்.

"நல்லா இருக்கறனுங்கக்கா. வீட்டுக்காரரு?"

"சேத்தியாத்தோப்பு பக்கம் கரும்பு வெட்டப் போயிருக்காரு. பொண்ணக் கட்டிக் குடுத்துட்டோம்."

அந்தப் பெண்ணுக்குப் பதிமூன்று பதினாலு வயதுக்கு மேல் இருக்காது. அதைக் கேட்க எனக்கு உரிமையில்லை என்று பட்டது. வீடு பக்கத்தில்தான், அதே குவார்ட்டர்ஸ்தான், வேலை முடிந்து வாருங்கள் என்று கூப்பிட்டேன். வரிசையில் முன்னால் போனவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேல இருக்குதும்மா" என்றாள். குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைக் கன்றின் அடியில் ஊற்றிவிட்டு, அடுத்த கன்றுக்கு நடந்தாள்.